ஒற்றை விரல் சுருதி

யூலியானாவின் முதல் யுக்கலேலி நீல நிறம். கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கரம்பொனில் அவளுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தாள். நாட்டுக்குத் திரும்பும்போது சட்டி பானை, நுளம்பு வலை என்று எல்லாவற்றையும் அயலுக்குக் கொடுத்தவள், கிற்றார் போட்ட குட்டி போலிருந்த அந்தச் சாமானை யூலியானாவின் கையில் வைத்தாள். வேலியடியில் நின்றபடியே, சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கோட் மூன்றைப் பிடிக்கவும், நல்ல வாத்தியத்தைச் சோதித்து எடுக்கவும் காட்டிக் கொடுத்தாள். சண்டை நின்ற அடுத்த வருடம் அது, 2003.

யூலியானாவின் சொந்த ஊர் நெடுந்தீவு. குடும்பநல மாது வேலையில் மாற்றலாகி, கணவன் செபமாலையோடு கரம்பொனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பகல் முழுக்கச் சைக்கிளில் திரிந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பாள். பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. கதவு நிலையைக்கூடப் பெயர்த்துக் கொண்டுபோன வீடுகளின் நடுவே, திரும்பி வந்த சனம் ஒவ்வொரு குடும்பமாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த காலம். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுமுன் யுக்கலேலியைத்தான் எடுப்பாள். விரல் நுனி கன்றிப்போய், குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது மரத்த மாதிரி இருக்கும். அதையும் ஒரு பெருமையாகவே நினைத்தாள்.

நான்கு மாதத்தில் பன்னிரண்டு பாட்டு வாசிக்கப் பழகிவிட்டாள். கடற்கரைக் கோவிலின் பாடகர் குழுவை நடத்திய குருசுமுத்து அவளையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் நீல யுக்கலேலியின் குறை தெரிந்தது. அதன் முதுகு பிளாஸ்ரிக். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி கலைந்துவிடும். கழுத்தில் மேலே மேலே விரலை வைக்க வைக்கச் சத்தம் பொய்யாகிக்கொண்டே போகும்.

"பிள்ளை, உமக்குக் கை நல்லா வந்திட்டுது," என்றார் குருசுமுத்து. "சாமான்தான் காணாது. இன்னும் இதிலையே வாசிச்சால் காதும் பழுதாப்போகும். ஒரு நல்லதாப் பாத்து எடும்."

யூலியானா அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல அடுத்த சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள்.

பரராசசிங்கத்தின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. ஆர்மோனியம், மிருதங்கம், தோல் கிழிந்த தபேலா, கொழும்பிலிருந்து வந்த புதுக் கிற்றார்கள். யுக்கலேலி என்றதும் அவர் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று புதியது, தேன் நிறத்தில் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மற்றது பழசு. கருஞ்சிவப்பு மரம், மினுக்கம் இல்லை, ஓரத்தில் ஒரு சின்ன உடைசல்.

யூலியானா அவசரப்படவில்லை. வெள்ளைக்காரி சொல்லிவிட்டுப் போனவை எல்லாம் நினைவில் இருந்தன. முதலில் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துவக்கால் குறி பார்ப்பதுபோல நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக்கம்பிகளின் ஓரத்தை விரலால் தடவினாள். புதியதில் அவை கீறின. பழையதில் தேய்ந்து வழுவழுத்துக் கிடந்தன. நரம்பைச் சும்மா மீட்டி, பிறகு அதையே நடுவில் அமர்த்தி மீட்டிப் பார்த்தாள். மேலும் கீழும் ஒரே சுரமாக வரவேண்டும். புதியது கொஞ்சம் தள்ளாடியது. பழையது அச்சொட்டாக வந்தது. கடைசியில் இரண்டின் முதுகிலும் விரல் மூட்டால் தட்டினாள். புதியது பலகைப் பெட்டி மாதிரிச் சத்தம் போட்டது. பழையது தட்டிய பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"இது எங்கத்தையான் சாமான், அண்ணை?"

பரராசசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழைய சாமானுக்கு ஊர் கேக்கக்கூடாது பிள்ளை. கேக்க வெளிக்கிட்டால் யாழ்ப்பாணத்திலை ஒருத்தரும் ஒரு கதிரையும் வாங்கேலாது."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நெடுந்தீவில் அவளுடைய பெரியம்மாவின் வீட்டு அலுமாரியை, கதவில் திராட்சைக் கொடி செதுக்கிய அலுமாரியை, போன வருடம்தான் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் கண்டிருந்தாள். அதற்குள் பாண் அடுக்கியிருந்தார்கள். அவள் தேத்தண்ணீரைக் குடித்து, காசையும் வைத்துவிட்டு எழும்பி வந்தவள். ஆனால் அந்தக் கருஞ்சிவப்புப் பெட்டி கைக்குள் உடம்புச் சூட்டோடு இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. அதையே எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் முதல் ஒரு கிழமை அவளுக்குத் திருவிழாதான். தெரிந்த பாட்டெல்லாம் புதுப் பாட்டாகக் கேட்டது. ஒரு குறை மட்டும் இருந்தது. நிலத்தை நோக்கியிருக்கும் அடி நரம்பு சுருதியில் நிற்கவில்லை. இரவு சரியாக முறுக்கி வைத்தால் காலையில் இறங்கியிருக்கும். புது நரம்பு மாற்றினாள். நரம்பு சுற்றியிருக்கும் ஆணியைத் திருகி இறுக்கினாள். அப்படியும் இறங்கியது. தளர்கிற நரம்பு ஒரு நாள் கொஞ்சம், மறுநாள் அதிகம் என்று கண்டபடி தளரும். இது எப்போதும் ஒரே அளவுக்கு, சரியாக ஒரு சுரம் இறங்கி, அதில் நின்றது. யாரோ காதால் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்த மாதிரி.

ஒரு நாள் அவள் வேலையால் வரும்போது செபமாலை முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தான். விடியப்புறம் கடலுக்குப் போய்க் காலையில் திரும்புபவன், பகலில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதுதான் வழக்கம்.

"இதென்ன வெளியிலை கிடக்கிறியள்?"

"நீர் பகல் வீட்டை வந்திட்டுப் போனனீரோ?" என்று கேட்டான்.

"இல்லையே. நான் சுருவில் பக்கம் வீடு பாக்கவெல்லோ போனனான்."

அவன் பாயின் ஓரத்தை நேராக்கினான். "அப்ப ஒண்டும் இல்லை."

அவள் விடவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அவன் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அறைக்குள்ளை வாசிக்கிற சத்தம் கேக்குது. இண்டைக்கு மட்டுமில்லை, இது மூண்டாம் தரம். முதல் நீர்தான் எண்டு நினைச்சுத் திரும்பிப் படுத்திட்டன். ஒரே பாட்டுத்தான். கொஞ்சத் தூரம் போகுது, போய் ஒரு இடத்திலை நிக்குது. ஆரோ கூப்பிட எழும்பிப் போன மாதிரி."

"காத்துக்கு நரம்பு அதிர்ந்திருக்கும்."

"காத்து என்னெண்டு சத்தத்தை மாத்தி மாத்தி வாசிக்கும்?" செபமாலை பேய்க்கதை சொல்லுகிறவன் அல்ல. சுழிக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து ஒரு பகல் முழுக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்ததைக்கூட இரண்டு வரியில் சொல்லி முடித்தவன். "எனக்குப் பயமில்லை. ஆனால் அது வாசிக்கேக்கை நான் அங்கை படுத்திருக்கிறது மரியாதையில்லை மாதிரிக் கிடக்குது. அதுதான் வெளியாலை வந்திட்டன்."

யூலியானா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் யுக்கலேலியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். விரல் பதிக்கும் பலகையில் தேய்மானம் இருந்தது. வாசித்துப் பழகிய எந்த வாத்தியத்திலும் அது இருக்கும். ஆனால் தேய்மானம் நரம்புக்கு நரம்பு புள்ளி புள்ளியாக விழவேண்டும், ஏனென்றால் விரல்கள் வெவ்வேறு இடத்தில் பதியும். இதில் அப்படி இல்லை. இரண்டு மூன்று மெட்டுகளில் மட்டும், குறுக்காக, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. தன் சுட்டு விரலை நீட்டி அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்தாள். அளவெடுத்துச் செய்த உறைக்குள் போல அது போய்க் கிடந்தது. உடனே கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோனாள். பாடகர் குழுவில் இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை. பீடத்துக்குப் பின்னால் யாரோ தும்புத்தடியால் கூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வாங்குப் பலகையில் இருந்துகொண்டு சுருதி பார்த்தாள். வழக்கம்போல அடி நரம்பு இறங்கியிருந்தது. ஆணியில் வைத்த கையை, அன்றைக்கு ஏனோ, எடுத்துவிட்டாள். அப்படியே விட்டு நான்கு நரம்பையும் ஒன்றாக மீட்டினாள்.

இடது கை ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும் நிறைந்த ஒரு கோட் எழும்பியது. கோவிலின் வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் சுட்டு விரலை அந்தப் பள்ளத்தில் நீட்டி வைத்து மீட்டினாள். அடுத்த கோட். விரலை வழுக்கி மேலே கொண்டுபோனாள். இன்னொன்று. மற்ற விரல்களுக்கு வேலையே இல்லை. முதல் பள்ளம், இரண்டாவது, திரும்பவும் வெறும் நரம்பு என்று அவளுடைய விரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

கூட்டும் சத்தம் நின்றிருந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள்.

பீடத்துப் படியில் மேரிறோஸ் நின்றாள். கோவிலைக் கூட்டித் துடைத்துப் பூ வைக்கும் பெண், அறுபதைத் தாண்டியவள். யூலியானாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யூலியானா வாசிப்பதை நிறுத்தியதும், தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். அது சரிந்து விழுந்தது. எடுக்காமல் பக்கக் கதவால் வெளியே போய்விட்டாள்.

சற்றைக்குப் பிறகு வந்த குருசுமுத்து, வாங்கிலிருந்த யுக்கலேலியைக் கண்டதும் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்காமல் அதன்மேலேயே இருந்துவிட்டார்.

"இது எங்கை கிடைச்சது உமக்கு?"

அவள் சொன்னாள். அவர் ஓரத்து உடைசலைப் பெருவிரலால் தடவினார்.

"இது தாசன்ரை. மேரிறோசின்ரை மகன் அன்ரனிதாஸ். கப்பலிலை வேலை செய்த மாமன் கொண்டுவந்து குடுத்தது. பெடியனுக்கு இடக்கை விளங்காது. நங்கூரக் கயிறு சுத்தி மூண்டு விரல் மரக்கட்டையாப் போச்சுது. சுட்டு விரல் மட்டும்தான். நாங்கள் சிரிச்சனாங்கள், இவன் என்னெண்டு வாசிக்கப்போறான் எண்டு. அவன் தானாச் சுருதியை மாத்தி, ஒரு விரலாலையே வாசிக்கப் பழகினான்."

"இப்ப அவர் எங்கை?"

"தொண்ணூறிலை ஆமி இறங்க ஊர் முழுக்க வெளிக்கிட்டது. வள்ளத்தை விட்டிட்டு வரமாட்டன், நீங்கள் முன்னுக்குப் போங்கோ எண்டு தாயை அனுப்பிப்போட்டு நிண்டவன். பேந்து ஒருத்தரும் காணேல்லை." உடைசலிலிருந்து விரலை எடுத்தார்: "மேரிறோஸ் இண்டைக்கும் அவனுக்காகப் பூசை ஒப்புக்குடுக்க விடமாட்டா. செத்தாக்களுக்குத்தான் பூசை எண்டு சொல்லுவா."

அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை. யூலியானா யுக்கலேலியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு நேரே மேரிறோசின் வீட்டுக்குப் போனாள். உரியவர்களிடம் கொடுத்துவிடவேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு எண்ணம் இருக்கவில்லை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, பக்கத்தில் பழைய வீட்டின் சுவர்கள். குசினிக்குள் நெத்தலி பொரியும் மணம்.

"அக்கா, இதை உங்களிட்டைத் தரத்தான் வந்தனான். குருசுமுத்து அண்ணை எல்லாம் சொன்னவர்."

மேரிறோஸ் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். வாங்கிய கை அதன் பின்பக்கத்தை, கழுத்து உடம்போடு சேரும் இடத்தை, பாராமலே போய்ப் பிடித்தது. தூக்கத்திலிருக்கும் பிள்ளையின் தலையைத் தாங்குகிற பிடி அது. நாளெல்லாம் தாய்மாரின் கைகளைப் பார்க்கிறவளான யூலியானாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"இது அவன்ரை இல்லை," என்றாள் மேரிறோஸ்.

"அக்கா..."

"இல்லைப் பிள்ளை. அவன் அதைக் கையாலை வைக்கமாட்டான். வள்ளத்துக்குப் போனாலும் கொண்டு போவான். அவன் எங்கை இருக்கிறானோ அங்கைதான் அதுவும் இருக்கும்." குரல் உயரவில்லை. சந்தையில் மீன் விலை சொல்லும் குரல்தான். "இது கடைக்கு வந்த சாமான் எண்டால் வேறை ஆற்றையோ. கொண்டு போம். குருசுமுத்துவுக்கு வயது போட்டுது, கண் தெரியாது."

அவள் திருப்பிக் கொடுத்தாள். யூலியானா அதை வாங்கியபோதுதான் அந்தச் சொல்லின் மறுபக்கம் அவளுக்கு உறைத்தது. இது அவனுடையது என்று தாய் ஒத்துக்கொண்டால், இது அவனை விட்டு வந்திருக்கிறது. இதை விட்டு அவன் உயிரோடு இருக்கமாட்டான். நெத்தலி கருகும் மணம் வந்தது. மேரிறோஸ் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

"திருப்பிக் குடும் கடைக்கு," என்றான் செபமாலை அன்றிரவு. "புதுசை எடும். தாய்க்கும் வேண்டாமெண்டால் நாங்கள் என்னத்துக்கு வைச்சிருக்கிறது?"

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுத்த கிழமை கடைக்குக் கொண்டுபோனாள்; பரராசசிங்கம் மறுப்புச் சொல்லவில்லை. தேன் நிற யுக்கலேலியை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினார். பழையதைத் தந்தது யார் என்று அவள் மறுபடி கேட்டாள்.

"ஒரு மனிசன். ஒரு தையல் மெசினும் ரெண்டு மணிக்கூடும் சேத்துக் கொண்டுவந்தவர். அவர் வேறை ஒருத்தரிட்டை வாங்கினவர். அந்த ஒருத்தரும் அப்பிடித்தான். போகப் போக முடியாது பிள்ளை, விடும்."

அப்போது கிற்றார் பார்க்க வந்திருந்த ஒருவன் மேசையிலிருந்த பழைய யுக்கலேலியை எடுத்தான். "இதென்ன, சுருதியே இல்லை," என்று சொல்லிக்கொண்டு அடி நரம்பின் ஆணியைப் பிடித்து முறுக்கினான். நரம்பு மெல்லிய குரலில் கத்திக்கொண்டு மேலே ஏறியது. அந்தச் சத்தம் யூலியானாவின் பல்லுக்குள் போய் இறங்கியது.

"அதை வையுங்கோ," என்றாள். தான் இவ்வளவு உரக்கச் சொல்வோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "அது என்ரை."

தேன் நிறத்தை மேசையில் விட்டுவிட்டு, கருஞ்சிவப்பை அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். முதல் தரம் அதை எடுத்தபோது நல்ல வாத்தியம் என்று எடுத்தாள். இந்தத் தரம் எதற்கென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடி நரம்பை இறக்கி அதன் இடத்தில் விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதை உயர்த்தவில்லை. கோவிலுக்கு நீல யுக்கலேலியையே கொண்டுபோனாள். குருசுமுத்து அதன் சுருதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மற்றதை வீட்டில் ஒற்றை விரலால் வாசிக்கப் பழகினாள். கற்ற கோட் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் இருந்த ஆசையின் துள்ளல் இப்போது இல்லை. ஆனால் விடவும் முடியவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியபோது செபமாலை மறுபடி அறைக்குள் படுக்கத் தொடங்கினான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் கேட்காமலே சொன்னான்.

"இப்ப அது இடையிலை நிக்கிறேல்லை. முழுக்க வாசிக்குது."

அவள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன பாட்டு?"

"தெரியேல்லை. கோவில் பாட்டில்லை. நல்ல பாட்டு." அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். "நான் கண்ணைத் திறக்கிறேல்லை."

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் திருநாள். பூசையில் குருவானவர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். சின்ன ஊருக்கு அது நீண்ட வாசிப்பு. யூலியானா நீல யுக்கலேலியை மடியில் வைத்தபடி ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்ரனிதாஸ் என்ற பெயர் வரவில்லை. மேரிறோஸ் முன்வரிசையில் நிமிர்ந்து நின்றாள். பிறகு எல்லோரும் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார்கள். மேரிறோஸ் தன் கணவனின் கல்லறையில் ஒன்றைக் கொளுத்தி, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வேறொன்றும் கொளுத்தவில்லை.

பின்னேரம் யூலியானா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. மேரிறோஸ், கோவிலுக்குக் கட்டிய அதே வெள்ளைச் சேலையில்.

"அந்த உம்மடை பெட்டியை ஒருக்காக் கொண்டாரும் பிள்ளை."

யூலியானா கொண்டுவந்து கொடுத்தாள். மேரிறோஸ் கூடத்துக் கதிரையில் அமர்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மூட்டு வாதத்தில் கோணிப்போன விரல்களால் எந்தக் கோட்டும் பிடிக்கவும் முடியாது. இடது கையைக் கழுத்துக்குக் கீழே சும்மா தாங்கக் கொடுத்து, வலது பெருவிரலால் நான்கு நரம்பையும் மேலிருந்து கீழே மெதுவாக வழித்தாள். அந்தச் சுருதிக்கு அது போதும். கோட் முழுதாக எழும்பிக் கூடத்தை நிறைத்து, தேய்ந்து, போனது. முற்றாகப் போகும்வரை பொறுத்திருந்து மறுபடி வழித்தாள். பிறகும். செபமாலை உள்ளறை வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் அப்படி வாசித்தாள் என்று யூலியானா கவனிக்கவில்லை. வெளியே மழை வந்து, காயப்போட்ட உடுப்பெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. ஒருவரும் எடுக்கப் போகவில்லை.

கடைசியில் மேரிறோஸ் நரம்புகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினாள். கண்கள் காய்ந்தே இருந்தன. எழும்பி, சேலைத் தலைப்பால் மரத்தின் முகத்தை ஒருமுறை துடைத்து, யூலியானாவின் கையில் கொடுத்தாள்.

"நல்ல சாமான் பிள்ளை," என்றாள். "பாத்துத்தான் எடுத்திருக்கிறீர்."

மழை விடும்வரை இருக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போனாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.